குளிரை வரவில் எழுதிய விடுதி



மாரி தொடங்கிவிட்டால் எங்கள் வானொலிக்கு வரும் அழைப்புகளில் வீட்டு ஹீற்றர் கட்டணத்தைப் பற்றிய முறைப்பாடு இல்லாத நாள் இல்லை. குளிர் என்றாலே எங்களுக்குச் செலவு. அந்தக் குளிரை வரவுப் பக்கத்தில் எழுதிய ஒரு விடுதியைப் பற்றிச் சென்ற மாத உரையில் பேசினேன். நேரம் போதாமல் விட்ட கணக்கையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

இடம் அலாஸ்கா. ஃபெயார்பாங்க்ஸ் நகரிலிருந்து சுமார் 100 கிலோமீற்றர். உச்சரிப்பு 'சீனா' என்றாலும், நாட்டின் பெயரோடு குழம்பாமலிருக்க 'செனா' என்றே எழுதுகிறேன். 1905 இல் வாத நோயால் வருந்திய ரொபேர்ட் ஸ்வான் என்பவர் சகோதரர் தோமஸுடன் காட்டுவழியே ஒரு மாதத்துக்கு மேல் அலைந்து கண்டுபிடித்த வெந்நீரூற்று அது. திருகோணமலைக் கன்னியாவைப் போல நோய் தீர்க்கும் நீராடலுக்கே பெயர்பெற்றது.

1998 இல் பேர்னி, கொனி கார்ல் தம்பதியர் விடுதியை வாங்கினார்கள். கட்டடங்களுக்கு வெப்பம் தர ஊற்று நீர் இருந்தது. மின்சாரம்தான் தலையிடி. பொது மின்கம்பிகள் அவ்வளவு தூரம் வரவில்லை. டீசல் ஜெனரேற்றரில் ஓர் அலகு 30 சதம்.

2004 இல் பனிக்கட்டியால் ஒரு மாளிகை கட்டினார்கள். கோடையில் உருகிப்போனது. மறுமுறை கட்டி, ஊற்றின் சூட்டினாலேயே அதைக் குளிராக வைத்திருந்தார்கள். நம்பக் கடினமா? ஊரில் மண்ணெண்ணெயில் ஓடிய குளிர்சாதனப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். அடியில் சுவாலை, உள்ளே ஐஸ். அதே தத்துவம்தான்.

பெரிய காரியம் 2006 இல் நடந்தது. ஊற்று நீரின் சூடு 74 பாகை செல்சியஸ்தான். தண்ணீரைக் கொதிக்க வைக்கவே போதாத இந்தச் சூட்டில் யாரும் வணிக ரீதியாக மின்சாரம் எடுத்ததில்லை. அவர்கள் கார் ஏசியில் பாவிக்கும் ஆர்-134ஏ என்ற திரவத்தை எடுத்துக்கொண்டார்கள். அது பூச்சியத்துக்குக் கீழ் 26 பாகையிலேயே கொதிப்பது. ஊற்று நீர் அதை ஆவியாக்க, ஆவி சுழலியைச் சுற்றும். சுற்றிய ஆவியை மறுபடி திரவமாக்கக் குளிர் வேண்டும். அங்கேதான் அலாஸ்கா கைகொடுத்தது: 4 பாகைத் தண்ணீர் பக்கத்திலேயே கிடைத்தது. மின்சாரம் தருவது சூடு மட்டுமல்ல, சூட்டுக்கும் குளிருக்கும் உள்ள இடைவெளி. வெப்ப நாடொன்றில் இதே 74 பாகை நீர் இவ்வளவு மின்சாரம் தராது.

அப்படியும் நீரிலிருந்து எடுத்த வெப்பத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்குதான் மின்சாரமானது. வெப்பம் நிலத்தடியிலிருந்து இலவசமாக வருவதால் அது நட்டமில்லை.

இனிக் கணக்கு. தலா 200 கிலோவாற் கொண்ட இரு இயந்திரங்கள். முதலீடு சுமார் 20 இலட்சம் டொலர். அலகு 30 சதத்திலிருந்து 5 சதமளவுக்கு இறங்கியது. சராசரியாகப் பாதித் திறனில், 200 கிலோவாற்றில் ஓடியதாக வைத்தாலும் ஆண்டுக்கு 17,52,000 அலகுகள்; மிச்சம் 4,38,000 டொலர். முதல் திரும்ப ஐந்து ஆண்டு போதும். பிழை கண்டுபிடிப்பதே தொழிலான என்னால் இதில் குறை சொல்ல முடியவில்லை. பெரிய வசதி, ஊற்று ஏற்கெனவே அவர்கள் காணியில் இருந்ததுதான். வெறும் நிலத்தில் துளைபோட்டுத் தேடுபவருக்கு இந்தக் கணக்கு வராது.

மின்சாரம் மலிந்ததும் கண்ணாடி வீட்டுத் தோட்டத்துக்கு விளக்குப் போட்டார்கள். வெளியே பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகை வரை இறங்கும் மாரியிலும் உள்ளே தக்காளியும் லெற்றூசும் காய்த்தும் தழைத்தும் விடுதிச் சமையலறைக்குப் போயின.