முகம் காட்டும் முன்



சென்ற தவணை விடுமுறையின்போது, முன்னர் என்னிடம் கல்வி பயின்ற இளைஞர் ஒருவர் என் வீட்டுக்கு வந்திருந்தார். கொழும்பிலுள்ள வர்த்தக நிறுவனம் ஒன்றில் அவருக்கு உத்தியோகம் கிடைத்திருந்தது. உத்தியோகத்தர் அனைவரின் முகங்களையும் ஒரே வகையாகப் படம்பிடித்து வாடிக்கையாளர் பார்வைக்கு வைப்பது அந்நிறுவனத்தாரின் வழக்கமாம். அதற்கென நாளும் நேரமும் குறித்திருந்தனர். அவர் கையிலே ஒரு பை. பைக்குள்ளே அயலவரிடம் இரவல் வாங்கிய கோட்டு. "சேர், இதைப் போட்டுக்கொண்டு போகவோ, வெறும் சேட்டோடு போகவோ? சிரிக்க வேணுமோ, சும்மா இருக்க வேணுமோ?" என்று கேட்டார்.

பரீட்சை நாளிற்கூட அவர் இவ்வளவு கலங்கியதை நான் கண்டதில்லை. நகைக்கத்தான் தோன்றிற்று, ஆயினும் நகைக்கவில்லை. ஏனெனில், படம்பிடிக்கும் கருவியின் முன் அமரப்போகும் மனிதன் படும் இக்கலக்கம் நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உடையது. அவ்வரலாற்றில் வீண் பெருமை சிறிது உண்டு. மானப் பிரச்சினை பெரிதும் உண்டு.

நிழற்படக் கலையைப் பிரான்சு தேசத்து டாகேர் என்பவர் உலகுக்கு வெளியிட்டது 1839ஆம் ஆண்டில். அதே ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே ரொபேட் கோர்னீலியஸ் என்னும் இளைஞர் தம் முகத்தைத் தாமே படம்பிடித்தார். வாரப்படாத தலைமயிர், கட்டிய கைகள், நடுவிலே அமையாது ஒரு புறமாக ஒதுங்கிய உருவம். ஆயத்தம் எதுவுமின்றி எடுக்கப்பட்ட முகப்படம் அது. அதன் பின்னர் அவ்வளவு கவலையற்று யாரும் கருவியின் முன் அமர்ந்திருப்பார்களா என்பது ஐயமே.

1841ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் றிச்சட் பியட் என்பவர் இலண்டன் மாநகரில் முதலாவது படப்பிடிப்பு நிலையத்தைத் திறந்தார். கட்டிடத்தின் உச்சியிலே, கண்ணாடிக் கூரையின் கீழ் அமைந்த அறை அது. கூரையில் நீலக் கண்ணாடி பதித்திருந்தனர். வெள்ளி பூசிய தகட்டின் மீது நீல ஒளியே மிகுதியாகப் பதியும். அந்த ஒளியைத் தடுக்காது, கண் கூசும் ஏனைய ஒளியை மட்டும் தணிப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஒளியின் அளவுக்கு ஏற்பச் சில விநாடி முதல் ஓரிரு நிமிடம் வரை ஆடாது அசையாது இருத்தல் வேண்டும். மனிதத் தலை அவ்வாறு நில்லாதாகையால், ஆசனத்தின் பின்னால் ஓர் இரும்புத் தாங்கியை நிறுத்தி, அதன் கவட்டுக்குள்ளே பிடரியைப் பொருத்தினர். அக்காலத்துப் படங்களில் நிற்பவரது பாதங்களுக்குப் பின்னே உற்று நோக்கினால், தாங்கியின் இரும்புப் பாதம் எட்டிப் பார்ப்பதைச் சிலவேளை காணலாம். பிடரியில் இரும்பை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் சிரித்துப் பாருங்கள். நம் மூதாதையர் படங்களில் ஏன் சிரிப்பதில்லை என்று பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு விடையின் ஒரு பாதி அதுவே. மறு பாதியைப் பின்னர் கூறுவேன்.

உடையிலும் கட்டுப்பாடு இருந்தது. அக்காலத்துத் தகடு நிறங்களை நம் கண் காண்பதுபோலக் காணவில்லை. சிவப்பும் மஞ்சளும் கறுத்துப் போகும்; நீலம் வெளிறிப் போகும்; தூய வெள்ளை பாற்குடம் கவிழ்ந்தாற்போற் பரவி மடிப்புகளையெல்லாம் அழித்துவிடும். எனவே வெள்ளையும் இளநீலமும் தவிர்த்து, கரும்பட்டு முதலான இருண்ட உடைகளில் வருமாறு படம்பிடிப்போர் அறிவுறுத்தினர். உத்தியோகப் படமென்றால் இருண்ட கோட்டு என்னும் வழக்கத்துக்குப் பிற காரணங்களும் உண்டு. ஆயினும் அந்தத் தகட்டின் குறைபாடும் அதற்கு உரமூட்டியிருக்கும் என்றே நான் எண்ணுகின்றேன்.

1854ஆம் ஆண்டில் பாரிசு நகரத்துத் திஸ்தேரி என்பவர், ஒரே தகட்டிற் பல படங்களை எடுத்து, அவற்றை வெட்டிச் சிறு அட்டைகளில் ஒட்டும் முறைக்கு உரிமை பெற்றார். செலவு பெரிதும் குறைந்தது. அதற்கு முன்னர் ஒருவரது படம் அவர் வீட்டுப் பெட்டிக்குள் இருந்தது. அதன் பின்னரோ, அவரை ஒருபோதும் கண்டிராதவர் கைகளுக்கெல்லாம் அது சென்றது. முன்பின் அறியாதோர் நம் முகத்தைக் கொண்டே நம்மை மதிப்பிடும் காலம் அவ்வாறு பிறந்தது.

இக்காலத்தின் பலனை நன்கு அனுபவித்தவர் ஆபிரகாம் லிங்கன். 6 அடி 4 அங்குல உயரம், நீண்ட கழுத்து, ஒட்டிய கன்னம், அடங்காத தலைமயிர். 1857ஆம் ஆண்டில் சிக்காகோவில் எஸ்லர் என்பவர் அவரைப் படம்பிடிக்க முற்பட்டபோது, அவரது மயிரை ஒழுங்காக வாரிவிட்டாராம். லிங்கனோ தம் விரல்களை அதனுள் விட்டு மீண்டும் கலைத்துவிட்டாராம். தம்மை அறிந்தவர்களுக்குத் தம் கலைந்த தலையே அடையாளம் என்று அவர் எண்ணியிருக்கலாம்.

மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் நிலைமை வேறாயிற்று. 1860ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆம் திகதி, நியூயோர்க்கில் கூப்பர் மண்டபத்தில் அவர் உரையாற்றவிருந்தார். அந்நகரத்தார் அவரை அறியாதவர்கள்; மேற்கிலிருந்து வந்த நாட்டுப்புறத்து வழக்கறிஞர் என்ற அளவிலேயே கேள்விப்பட்டவர்கள். அன்றைய தினமே அவர் மத்தியூ பிரேடி என்பவரின் படப்பிடிப்பு நிலையத்துக்குச் சென்றார். அந்தக் கழுத்தை என்ன செய்வது என்று பிரேடி தடுமாறினார். ஈற்றில், சேட்டின் கழுத்துப்பட்டையைச் சற்று மேலே இழுத்துவிட அனுமதி கேட்டார். தம் கழுத்தைக் குறுக்க முயல்கிறார் என்பதை உடனே உணர்ந்துகொண்ட லிங்கன் அதைச் சொல்லி நகைத்தார். பட்டையையும் மேலே இழுத்துக்கொண்டார். ஒரு கை புத்தகங்களின் மீது ஊன்றியிருக்க, நிமிர்ந்து நிற்கும் அப்படம் அட்டைப் படமாகவும், பத்திரிகைகளிலே மரச் செதுக்கு ஓவியமாகவும் நாடெங்கும் பரவிற்று. பிரேடியும் அந்த உரையுமே தம்மைச் சனாதிபதி ஆக்கின என்று லிங்கன் பிற்காலத்திற் கூறியதாகச் சொல்வர். அவர் அவ்வாறு கூறினாரோ இல்லையோ, அந்த ஆண்டு யூன் மாதம் எஸ்லர் மீண்டும் படம்பிடிக்க வந்தபோது அவரது தலை ஒழுங்காக வாரப்பட்டிருந்தது.

அவ்வளவோடும் நிற்கவில்லை. ஒக்டோபர் மாதத்தில் கிறேஸ் பெடெல் என்ற 11 வயதுச் சிறுமி, அவரது முகம் மிக ஒடுங்கியிருப்பதால் தாடி வளர்த்தால் நன்றாக இருக்கும் என்று அவருக்கு ஒரு கடிதம் எழுதினாள். புதிதாகத் தாடி வைத்தால் நகைப்புக்கு இடமாகாதா என்று அவர் பணிவோடு பதில் எழுதினார். எழுதியபின் தாடியை வளர்த்தார். 1861 பெப்ரவரியில் வாஷிங்டனுக்குச் செல்லும் வழியில் அச்சிறுமியின் ஊரில் இறங்கி அவளைக் கண்டும் சென்றார். பிறர் சொற்கேட்டுத் தம் தோற்றத்தைத் திருத்திக்கொள்வதை இழிவெனக் கருதாத மனிதர் அவர்.

ஆனால், லிங்கனுக்கு இருந்த வசதி எல்லோர்க்கும் இருக்கவில்லை. அவரை அழகற்றவர் என்று ஏசினார்களே தவிர, மனிதர் அல்லர் என்று யாரும் சொல்லவில்லை. பிரெடரிக் டக்ளஸின் நிலை வேறு. அடிமையாகப் பிறந்து, 1838ஆம் ஆண்டிலே தப்பியோடி, அடிமை ஒழிப்புக்காகக் குரல் கொடுத்த கறுப்பினப் பேச்சாளர் அவர். 1848ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு நூலிற் காணப்பட்ட தம் ஓவியத்தைக் குறித்துத் தம் பத்திரிகையில் அவர் குறைப்பட்டுக்கொண்டார். தப்பியோடிய அடிமை ஒருவனின் முகத்தில் எவரும் எதிர்பாராத கனிவையும் இனிமையையும் ஓவியர் பூசியிருக்கிறார் என்பதே குறை. வெள்ளையர் வரையும்போது கறுப்பினத்தவர்க்கு நடுநிலையான ஓவியம் கிட்டாது என்றும் எழுதினார்.

முன்னர் நான் கூறாதுவிட்ட மறு பாதியை இங்கே காணலாம். இரும்புத் தாங்கிக்கு அஞ்சியன்று; தம் முகத்தில் பிறர் எழுதிய இளிப்பைத் துடைப்பதற்காகவே டக்ளஸ் சிரிக்க மறுத்தார். கறுத்த கோட்டு, தூய கழுத்துப்பட்டை, வகிடெடுத்து வாரிய மயிர், நேர்கொண்ட பார்வை. ஏறத்தாழ 160 வேறு வேறு நிழற்படங்கள் அவருடையவையாக இன்று அறியப்பட்டுள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கரில் லிங்கனை விடவும் மிகுதியாகப் படம்பிடிக்கப்பட்டவர் அவரே. 1861ஆம் ஆண்டில் பொஸ்டன் நகரிலே நிழற்படங்களைப் பற்றியே ஒரு சொற்பொழிவும் ஆற்றினார். ஓவியர் கைக்கு ஒரு சார்பு உண்டு, கருவிக்கு அது குறைவு என்பது அவர் துணிபு. இதனை முற்றாக ஒப்புக்கொள்ள என்னால் இயலவில்லை. கருவியின் பின்னால் ஒரு கை உண்டல்லவா?

அந்தக் கை என்ன செய்யும் என்பதற்குச் சான்று தேடி அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை. நம் களுத்துறையே போதும். யூலியா மாகிறற் கமெரன் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலப் படப்பிடிப்பாளர் 1875ஆம் ஆண்டில் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879ஆம் ஆண்டில் இங்கேயே காலமானார். கணவர் வேறு யாருமல்லர். கோல்புறூக்–கமெரன் சீர்திருத்தம் என்று நாம் வரலாற்றுப் பாடத்தில் படிப்பிக்கும் அந்தக் கமெரனே.

மரியான் நோத் என்னும் ஓவிய அம்மையார் களுத்துறையில் அவர்கள் இல்லத்துக்கு விருந்தினராக வந்தபோது, கமெரன் அம்மையார் அவரைப் படம்பிடித்தார். கூந்தலை அவிழ்த்துவிட்டு, காஷ்மீரச் சால்வைகளால் உடலைப் போர்த்து, தலைக்குப் பின்னால் தென்னோலைகள் குத்தி நிற்க, உச்சி வெயிலில் நிறுத்தி, இயல்பாக இருக்கும்படி பணித்தாராம். வெப்பமானி அப்போது 96 பாகை காட்டிற்று என்று நோத் அம்மையார் தம் வாழ்க்கைக் குறிப்பில் வேடிக்கையாக எழுதியுள்ளார். எழுதும் வசதி அவருக்கு இருந்தது.

அதே இல்லத்தில் இன்னொருவரும் படம்பிடிக்கப்பட்டார். அவர் உள்ளூர் மனிதர். அவரது முதுகின் அழகில் ஈடுபட்ட கமெரன் அம்மையார், அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி தம் மகனை வற்புறுத்தினார். அங்கே தோட்டமே இல்லை! முகத்துக்காக அன்று, முதுகுக்காக நிறுத்தப்பட்ட அந்த மனிதர் எதையும் எழுதிவைக்கவில்லை. எதை உடுத்துவது, எங்ஙனம் நிற்பது என்று அவரிடம் யார் கேட்டிருப்பர்? களுத்துறைக் குடியானவர் மூவரைக் காட்டும் 1878ஆம் ஆண்டுப் படம் ஒன்றும் உண்டு. அதனடியிற் குறிப்பு எழுதப்பட்டுள்ளது. சிறுமிக்கு 12 வயது என்றும், முதியவர் தமக்கு நூறு வயது என்று சொல்கிறார் என்றும் அக்குறிப்பு கூறும். வயது எழுதிய கை பெயரை எழுதவில்லை.

இவற்றையெல்லாம் அந்த இளைஞரிடம் நான் கூறினேன் என்று எண்ணிவிடாதீர்கள். அவருக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. கோட்டை ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொன்னேன். தோள் இரண்டு விரல் தொங்கிற்று. கைகளோ நீண்டு விரல்களை மூடின. அதை உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, தம் சொந்தச் சேட்டைத் தோய்த்து மினுக்கி அணியுமாறும், முதல்நாளன்று புதிதாக மயிர் வெட்டாது ஒரு வாரம் முந்தியே வெட்டிக்கொள்ளுமாறும், நேரத்துக்கு அரைமணி முன்னதாகச் சென்று வியர்வை அடங்கியபின் அமருமாறும் சொன்னேன். சிரிப்பதா, சும்மா இருப்பதா என்ற கேள்விக்கு மட்டும் நான் விடை கூறவில்லை. அதை அவரே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பத்து நாட்களின் பின்னர் படத்தைக் கைத்தொலைபேசியில் அனுப்பியிருந்தார். சிரிக்கவில்லை. அவருடைய தாயாருக்குத்தான் அதில் சிறிது மனக்குறை.