வேட்டை மறைப்பைக் குறிக்கும் சொற்கள்: ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

விலங்கைத் தேடிச் செல்வது வேட்டையில் ஒரு முறை. விலங்கு வரும் வழியில் மறைந்து காத்திருப்பது மற்றொரு முறை. பின்னதற்கு மறைப்பு இன்றியமையாதது. புதர், குழி, பரண், தட்டி, பழக்கப்பட்ட எருது, இக்காலத் துணிக்கூடாரம் என அம்மறைப்பு பல வடிவங்களைப் பெற்றுள்ளது. இவற்றுள் வேட்டைக்காரன் தன்னுடன் எடுத்துச் செல்லும் தரைமறைப்பே இக்கட்டுரையின் மையப்பொருள்.

ஆங்கிலத்தில் இதனை அமெரிக்கர் 'பிளைண்ட்' என்பர். பிரித்தானியர் 'ஹைட்' என்பர். தமிழில் பெயர்ப்போர் இடத்திற்கேற்பப் 'பரண்' என்றோ 'மறைவிடம்' என்றோ எழுதுகின்றனர். முன்னது உயரத்தில் அமைவது. பின்னது இடத்தைக் குறிப்பதேயன்றிக் கருவியைக் குறிப்பதன்று. இக்கருவிக்கு உரிய சொல் தமிழ்ச் சொற்களஞ்சியத்திலேயே உண்டு என்பதையும், அதனைத் தேர்வதற்குச் சொல்லின் வரலாறு எவ்வாறு துணைபுரிகிறது என்பதையும் காட்டுவதே இங்கு நோக்கம்.

2. பயம்பும் இதணமும்

தமிழில் மறைந்திருந்து வேட்டையாடுதலைப் பற்றிய தெளிவான சித்திரம் பெரும்பாணாற்றுப்படையில் கிடைக்கிறது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய இந்நூல் தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. இதில் எயினர் வாழ்க்கை கூறப்படுமிடத்தில், வானம் பொய்த்த காலத்தில் நீர் வேட்கையால் விலங்குகள் வரும் குழிகளின் அருகே, தோண்டிய பள்ளத்துள் வேட்டுவர் ஒடுங்கியிருந்து நள்ளிரவில் காட்டுப்பன்றியின் வரவை எதிர்நோக்கும் செய்தி வருகிறது. அவ்விரவு வேட்டை வாய்க்காவிடின், பகலில் நாய்களுடன் சென்று வலை கட்டி முயல்களைப் பிடிப்பர். காத்திருத்தல், துரத்துதல் என்னும் இரு முறைகளும் ஒரே பகுதியில் அடுத்தடுத்துக் கூறப்படுவது கருதத்தக்கது.

வேட்டுவர் ஒடுங்கியிருக்கும் பள்ளத்தை இந்நூல் 'பயம்பு' என்கிறது. இச்சொல் பொதுவாகப் பள்ளத்தையும், சிறப்பாக யானையை வீழ்த்தும் படுகுழியையும் குறிப்பது. படுகுழியில் வீழ்வது விலங்கு. இங்குக் குழிக்குள் இருப்பவன் மனிதன். ஒரே சொல் இரு நேர்மாறான பயன்பாடுகளுக்கு இடந்தருவதால், நிலத்தின் வடிவத்தைக் கொண்டு பிறந்த பெயர் இது எனலாம். தொழிலைக் கொண்டு பிறந்ததன்று.

இதற்கு மறுதலையானது 'இதணம்'. குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கும் மகளிர் மரத்தின்மேல் அமைந்த இதணத்தில் ஏறித் தழல், தட்டை, குளிர் முதலிய கருவிகளால் ஓசையெழுப்பிக் கிளிகளை ஓட்டுவர். காவலுக்குரிய இதணம் காணப்படவும் கேட்கப்படவும் வேண்டும். வேட்டைக்குரிய பயம்பு காணப்படவும் கேட்கப்படவும் கூடாது. ஆகவே வேட்டைப் பரணை 'இதணம்' எனப் பெயர்ப்பது பழஞ்சொல்லை மீட்பதாகத் தோன்றினும், பொருளை முற்றிலும் திருப்பிவிடும்.

3. எடுத்துச் செல்லும் மறைப்பு

பயம்பு தோண்டிய இடத்திலேயே கிடப்பது. வேட்டைக்காரனுடன் நகரும் மறைப்புக்கு இந்தியாவில் மூன்று சான்றுகளைச் சுட்டலாம்.

முதலாவது அபுல் ஃபஸலின் அயினி அக்பரி. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட இந்நூலின் வேட்டைப் பகுதியில், கேடயத்தையோ கூடையையோ கவிழ்த்துப் பிடித்து அதன் குழிவில் விளக்கேற்றி, அதன் பின்னே தன்னை மறைத்துக்கொண்டு சிறுமணிகளை ஒலிக்கும் முறை கூறப்படுகிறது. ஒளியையும் ஓசையையும் நாடி வரும் விலங்குகளை மறைவில் நிற்கும் பிறர் அம்பெய்து வீழ்த்துவர். மணியை வைத்தே இம்முறைக்குப் பெயர் அமைந்தது.

இரண்டாவது, நடு இந்தியப் பார்தி மக்களின் வழக்கம். ரஸல் 1916இல் வெளியிட்ட மத்திய மாகாணக் குலங்களைப் பற்றிய நூலில், எருதின் பின்னே மறைந்து இரையை நெருங்கும் பிரிவினர் 'காயகே' எனப்படுவதாகக் குறிக்கிறார். 'காய்' என்பது பசுவுக்குரிய சொல். மறைப்பாகப் பயன்பட்ட விலங்கே மக்கட்பிரிவின் பெயராயிற்று.

மூன்றாவது வட இந்திய வேட்டுவரின் 'டட்டி'. மூங்கில் பிளாச்சு, நாணல், தழை முதலியவற்றால் பின்னிய மறைப்பு இது. வேட்டுவன் இதனைத் தன்முன் பிடித்துக்கொண்டோ நிறுத்திக்கொண்டோ அதன் பின்னிருந்து இரையைக் கொல்வான். தமிழிலும் 'தட்டி' என்பது மூங்கிலாலும் ஓலையாலும் பின்னிய மறைப்பையே குறிக்கும். வெட்டிவேர்த் தட்டி, கடைமுன் சாத்தும் தட்டி, தெருவோரம் நிறுத்தும் விளம்பரத் தட்டி என இச்சொல் இன்றும் பொதுவழக்கில் வாழ்கிறது. இந்தியில் இச்சொல்லின் நிலை வேறு. மறைப்புக் கட்டிய கழிப்பிடத்தைக் குறிக்கத் தொடங்கி, அங்கிருந்து மலத்தையே குறிக்கும் அளவுக்கு அதன் பொருள் இழிபடைந்துவிட்டது.

4. மறைப்பு உவமையாதல்

பொருள் மறைந்த பின்னும் அதன் உவமை வாழக்கூடும். இந்தியில் 'டட்டியின் மறைவில் வேட்டையாடுதல்' என்றொரு மரபுத்தொடர் உண்டு. வெளித்தோற்றத்தின் பின்னே ஒளிந்து பிறர்க்குத் தீங்கு செய்தல் என்பது அதன் பொருள். 'வஞ்சனைத் தட்டி' என்னும் பொருள்படும் மற்றொரு தொடரும் இவ்வேட்டை மறைப்பிலிருந்தே பிறந்தது.

இதே உவமை திருக்குறளில் முன்னரே உள்ளது. கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தின் 274ஆம் குறள், தவக்கோலத்தில் மறைந்து தீயன செய்வதைப் புதரில் மறைந்து வேடன் பறவைகளைப் பிடிப்பதற்கு ஒப்பிடுகிறது. இதற்கு முந்தைய குறளில் வருவது புலியின் தோலைப் போர்த்துப் பயிர் மேயும் பசு. இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும் வேறானவை. பசு தன்னைப் பிறிதொன்றாகக் காட்டுகிறது. வேடன் தன்னைக் காட்டாமலே இருக்கிறான். முன்னது வேடம், பின்னது மறைப்பு. அடுத்தடுத்த இரு குறள்களில் வள்ளுவர் இவ்வேறுபாட்டைப் பேணியிருப்பது மொழிபெயர்ப்பாளர்க்குப் பாடமாகத் தக்கது.

ஆங்கிலத்தில் வேட்டுவன் மறைந்துசெல்லப் பயன்பட்ட 'ஸ்டாக்கிங் ஹார்ஸ்' என்னும் குதிரையும் உவமையாகிவிட்டது. தலைவரை நேரே எதிர்க்கத் துணியாதவர் முதலில் முன்னிறுத்தும் வேட்பாளரை அரசியலில் இப்பெயரால் அழைப்பர். 1989இல் பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தாட்சரை எதிர்த்துக் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்ட ஆண்டனி மேயர் அவ்வாறே குறிக்கப்பட்டார். இத்தொடரைப் 'போலி வேட்பாளர்' எனப் பெயர்த்தால் வேடத்தின் பொருளே கிடைக்கும். அவருக்குப் பின்னே வேறொருவர் நிற்கக்கூடும் என்னும் செய்தி விடுபடும். 'மறைப்பு வேட்பாளர்' என்பது அச்செய்தியைக் காக்கும்.

5. பெயரிடும் நோக்குநிலை

மேற்கண்ட சொற்களைப் பெயரிட்ட நோக்கின்படி வகைப்படுத்தலாம். 'பயம்பு' நில வடிவால் பெற்ற பெயர். 'மச்சான்' என்னும் இந்திச் சொல் கட்டுமான வடிவால் பெற்றது. வடமொழி 'மஞ்ச' என்பதன் வழிவந்த இச்சொல்லை 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, புலியைக் காத்திருக்கவும் வயலைக் காக்கவும் எழுப்பும் மேடை என இரு பயன்களையும் சேர்த்தே விளக்குகிறது. 'தட்டி' பின்னப்பட்ட அமைப்பால் பெற்ற பெயர். 'ஹைட்' வேட்டுவனின் செயலால், அதாவது ஒளிந்துகொள்வதால் பெற்றது.

'பிளைண்ட்' என்பதோ விலங்கின் பக்கமிருந்து பெற்ற பெயர். பார்வையைத் தடுப்பது என்பதே இங்கு அதன் பொருள். சன்னல் மறைப்பைக் குறிக்கும் சொல்லும் இதுவே. குருட்டுத்தன்மையைக் குறிக்கும் பெயரடையாக இதனைக் கொண்டு சொல்லுக்குச் சொல் பெயர்ப்போர் பொருளற்ற தொடரையே பெறுவர். பார்வையைத் தடுக்கும் பொருள் தமிழில் தட்டி அல்லது திரை. இவ்வாறு நோக்கின் ஆங்கிலச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் நெருங்கியே நிற்கின்றன.

6. இன்றைய கருவியும் சொல் தேர்வும்

இக்காலத் தரைமறைப்பு, துணியும் வளையும் கம்பிகளும் கொண்டு சிறு கூடாரம்போல் விரித்து மடக்கத்தக்கது. அமெரிக்காவில் மான், வான்கோழி வேட்டைக்கு இது பெரிதும் பயன்படுகிறது. இதனைத் தேர்வோர் கருதும் கூறுகளைப் பழைய வேட்டுவனும் அறிவான். சுமக்கத்தக்க எடை வேண்டும். உட்புறம் கருமையாயிருத்தல் வேண்டும். வெளியொளி உட்புகுந்தால் உள்ளிருப்பவனின் அசைவு நிழலுருவாகத் தெரிந்துவிடும். வில்லை வளைக்கப் போதிய உயரமும் அகலமும் வேண்டும். சாளரங்களை ஓசையின்றித் திறக்க இயலவேண்டும். கூர்ந்து நோக்கும் மான் புதிய பொருளைக் கண்டு விலகுமாதலின், சில நாள் முன்னரே நிறுத்தி, அவ்விடத்துத் தழைகளைச் செருகி வைப்பர். காற்று வீசும் திசையை எந்தத் துணியும் மறைக்காது. ஆதலின் இடத்தேர்வு பயம்பின் காலத்தைப் போலவே இன்றும் முதன்மையானது.

ஆகவே மொழிபெயர்ப்பாளர் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ள வேண்டும். மறைப்பு தரையிலா, உயரத்திலா? நிலையானதா, எடுத்துச் செல்லத்தக்கதா? மறைப்பதா, வேறொன்றாகக் காட்டுவதா? உயரத்தில் அமைவது பரண். தரையில் தோண்டியது குழிமறைப்பு. எடுத்துச் செல்லத்தக்கதைத் தட்டிமறைப்பு எனலாம். கூடார வடிவினதைக் கூடார மறைப்பு எனலாம். 'மறைவிடம்' என்பதை இயற்கையான ஒதுக்கிடத்திற்கு விட்டுவைப்பது நலம்.

7. முடிவுரை

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1991இல் செய்யப்பட்ட திருத்தம் உரிமம் பெற்று வேட்டையாடும் வழியையும் அடைத்தது. கொல்லுதல் மட்டுமன்றிக் கண்ணியிடுதல், பொறிவைத்தல், விரட்டுதல், இரைவைத்து ஈர்த்தல் ஆகியனவும் அச்சட்டத்தில் வேட்டையே. விலங்குகளின் பொருட்டு இது தேவையானதே. எனினும் இதன் மொழியியல் விளைவு ஒன்றையும் குறிக்க வேண்டும். இச்சொற்களை அறிந்தோர் பெரும்பாலும் காடுசார் மக்களின் முதியோர். கள ஆய்வாளர் வேட்டைச் சொற்களைக் கேட்குங்கால், அது குற்ற விசாரணையாகவே அவர்க்குத் தோன்றக்கூடும். அவர்தம் மௌனத்தைச் சொல் இல்லாமை எனக் கொள்வது பிழை.

மறைப்பின் தொழிலோ தொடர்கிறது. பறவை நோக்குநரும் நிழற்படக் கலைஞரும் அதே தட்டியின் பின்னே அமர்கின்றனர்; நீர்நிலையருகே பரணிலிருந்து விலங்குகளைக் கணக்கெடுப்போரும் உளர். ஒளிந்திருத்தலோடு இரு மரபுகளிலும் ஒட்டியிருந்த வஞ்சனைப் பொருள் இவர்க்குப் பொருந்தாது. ஆகவே வேட்டைச் சொற்களைத் தொகுத்து வைப்பது வேட்டையைப் போற்றுவதாகாது. கொல்லாமல் காண்பதற்கும் அச்சொற்களே தேவைப்படுகின்றன. காடுசார் மொழிகளில் இத்துறைச் சொற்களைத் தொகுப்போர், காவல், கணக்கெடுப்பு, பறவை நோக்கல் ஆகிய இன்றைய பயன்பாடுகளிலிருந்து வினாக்களைத் தொடங்கினால், பழஞ்சொற்களும் அச்சமின்றி வெளிவரும் எனக் கருதலாம்.