அப்பாவின் நோட்டும் எட்டாவது செமஸ்டரும்

பணியில் இருந்த கடைசிச் சில ஆண்டுகளில், ஏழாவது செமஸ்டர் தேர்வு முடிந்த கையோடு பிள்ளைகள் என் அறை வாசலில் வந்து நிற்பார்கள். "மேம், எந்த எலக்டிவ் எடுக்கலாம்?" பி.பார்ம். படிப்பின் எட்டாவது செமஸ்டரில் இரண்டு விருப்பப் பாடங்கள் உண்டு. மருந்து விற்பனை மேலாண்மை, மருந்து ஒழுங்குமுறை, பார்மகோவிஜிலன்ஸ், மூலிகைகளின் தரக்கட்டுப்பாடு, கணினிவழி மருந்து வடிவமைப்பு, அழகுசாதன அறிவியல், ஊட்டச்சத்துப் பொருட்கள் என்று பத்துக்கும் மேற்பட்டவை பட்டியலில் இருக்கும். எது சுலபம், எதில் வேலை கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் வருவார்கள். நான் உடனே பதில் சொன்னதில்லை. "உட்காருங்க, ஒரு கம்பவுண்டரைப் பத்திச் சொல்றேன்" என்றுதான் ஆரம்பிப்பேன்.

அந்தக் கம்பவுண்டர் என் அப்பா. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிற்றூரின் தர்மாஸ்பத்திரியில் வேலை பார்த்தார். டாக்டர் அறைக்கும் வராந்தாவுக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல், அதற்குப் பின்னால் அவருடைய உலகம். கனமான கண்ணாடி ஜாடிகள், பீங்கான் கல்வம், அவுன்ஸ் கிளாஸ், சிறிய தராசு. நோயாளிகள் வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டு வருவார்கள். மிக்சரை ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காட்ட, ஓரத்தில் படிப்படியாக வெட்டிய காகிதத்தைப் பாட்டிலில் ஒட்டித் தருவார். "குலுக்கிட்டுக் குடிக்கணும் ஆத்தா. குலுக்காமக் குடிச்சா முதல் நாள் தண்ணி, கடைசி நாள் விஷம்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்வார். நூறு பேர் வரிசையில் நின்றாலும் அந்த வாக்கியத்தை விட மாட்டார்.

அப்பாவுக்குப் பட்டமும் இல்லை, டிப்ளமோவும் இல்லை. அவருக்கு முந்தைய தலைமுறைக் கம்பவுண்டர்களில் பெரும்பாலோர் ஒரு மூத்தவரின் பக்கத்தில் நின்று, பார்த்துப் பார்த்துத் தொழில் பழகியவர்கள்தான். மருந்துக்கடைகள் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டன. சென்னை மவுண்ட் ரோட்டில் இன்று பாழடைந்து நிற்கும் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். 1897-இல் டபிள்யூ.ஈ. ஸ்மித் என்ற மருந்து வணிக நிறுவனத்துக்காக எழுந்த மாளிகை அது. மருந்து விற்க அவ்வளவு பெரிய மாளிகை கட்ட முடிந்த நாட்டில், அந்த மருந்தைக் கலப்பவர் என்ன படித்திருக்க வேண்டும் என்று சொல்ல நாடு முழுமைக்குமான சட்டம் எதுவும் இல்லை.

மாற்றத்துக்குக் காரணமாக இருந்தது கலப்படம். மலேரியா ஊரை வாட்டிய காலத்தில் போலிக் குயினைன் சந்தையில் புழங்கியது. 1930-இல் ஆர்.என். சோப்ரா தலைமையில் அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. மறு ஆண்டு வந்த அதன் அறிக்கை, மருந்தின் தரத்துக்குச் சட்டம் வேண்டும் என்றதோடு, மருந்தைக் கையாள்பவருக்கு முறையான படிப்பும் பதிவும் வேண்டும் என்றது. 1940-இல் மருந்துச் சட்டம் வந்தது. மருந்தாளுநர்களுக்கான சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகு, 1948-இல்தான் வந்தது. மருந்து கலக்கும் வேலையில் ஐந்தாண்டு அனுபவம் உள்ளவர்களுக்கும் முதல் பதிவேட்டில் இடம் உண்டு என்றது அந்தச் சட்டம். அப்பா பதிவு பெற்றது அப்படித்தான். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார்.

இதற்கிடையில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராஃப் விதை ஊன்றியிருந்தார். 1932-இல் மருந்து வேதியியல் அங்கே ஒரு தனிப் படிப்பாக நுழையவில்லை, பி.எஸ்சி.க்குள் ஒரு பாடமாகத்தான் நுழைந்தது. 1937-இல் அது மூன்றாண்டு பி.பார்ம். படிப்பாக வளர்ந்தது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் நம் தொழில் தொடங்கியதே, வேறொரு பட்டத்துக்குள் ஒரு மாணவன் விரும்பி எடுக்கக்கூடிய ஒரு பாடமாகத்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

பிறகு பல பத்தாண்டுகளுக்கு விருப்பப் பாடம் என்ற பேச்சே இல்லை. 1953-இல் முதல் கல்வி விதிமுறைகள் வந்தன. எல்லோருக்கும் ஒரே பாடத்திட்டம். 1991 விதிமுறைப்படி டி.பார்ம். மாணவர் இரண்டு ஆண்டு வகுப்பு முடித்த பிறகு 500 மணி நேரம் நேரடிப் பயிற்சி எடுக்க வேண்டியிருந்தது, அதில் 250 மணி நேரம் மருந்துச்சீட்டைப் பார்த்து மருந்து கொடுப்பதற்கு மட்டும். அந்தக் கண்டிப்பில் ஒரு நியாயம் இருந்தது. அடிப்படைக் கைவேலையை யாரும் "எனக்கு வேண்டாம்" என்று ஒதுக்க முடியாது.

எண்பதுகளில் நான் படித்தபோதும் அப்படித்தான். எனக்கு முதலில் வந்தது எமல்ஷன். எண்ணெய் நான்கு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு, கருவேலம் பிசின் ஒரு பங்கு. கல்வத்தில் ஒரே திசையில், வேகமாக, நிறுத்தாமல் அரைக்க வேண்டும். சேர்ந்துவிட்டால் குழவிக்கு அடியில் ஒரு சத்தம் வரும். வகுப்பில் மற்றவர்கள் திணறியபோது எனக்கு அது தெரிந்திருந்தது. சிறுமியாக அப்பாவின் ஸ்டூலில் ஏறி நின்று கேட்ட சத்தம் அது. "கேட்டியா பாப்பா, டிக் டிக்னு சொல்லுது பாரு. இனி பிரியாது" என்பார்.

2017-இல் நாடு முழுவதுக்கும் ஒரே செமஸ்டர் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில்தான் எங்கள் மாணவர்களுக்கு எட்டாவது செமஸ்டரில் இந்த இரண்டு விருப்பப் பாடங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றும் 45 மணி நேரம். பட்டியலை முதன்முதலில் கையில் வாங்கியபோது எனக்கு அதில் புதுமை தெரியவில்லை, அப்பாவின் அறைதான் தெரிந்தது.

மூலிகைத் தரக்கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்ப் பக்கத்து நிலாவாரை இலை 'டின்னவெல்லி சென்னா' என்ற பெயரில் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறி, மேல்நாட்டு மருந்து நூல்களுக்குள் போன இலை. விலை உள்ள இலைக்குக் கலப்படமும் வரும். வேலியோரத்து ஆவாரை இலையைக் கலந்துவிடுவார்கள். 80 சதவீதக் கந்தக அமிலம் பட்டால் ஆவாரை செக்கச்சிவக்கும், நிலாவாரை அப்படிச் சிவக்காது. இதை வகுப்பில் செய்து காட்டும்போது, தங்கள் ஊர்ச் செடிகள் இரண்டு புத்தகத்துக்குள் வந்து நிற்பதைப் பார்த்து மாணவர்களின் முகம் மலரும். அப்பாவிடம் கந்தக அமிலம் இருந்ததில்லை. இலையை விரலுக்கிடையில் தேய்த்து, முகர்ந்து, சிலவற்றைத் திருப்பி அனுப்புவார்.

ஒழுங்குமுறைப் பாடத்தை வெறும் படிவமும் கோப்பும் என்று நினைத்து ஒதுங்குகிறார்கள். அதன் ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு சாவு இருக்கிறது. 1937-இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு மருந்தை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றார்கள். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். விற்பனைக்கு முன் மருந்து பாதுகாப்பானது என்று நிரூபிக்கும்படி மறு ஆண்டு அங்கே சட்டம் கேட்டது. அரை நூற்றாண்டு கழித்து, 1986-இல், மும்பையில் அதே நச்சு கலந்த கிளிசரின் 14 நோயாளிகளின் உயிரைக் குடித்தது. நீதிபதி லெண்டின் விசாரித்தார். ஒரு பீப்பாயைத் திறந்து ஒரு சோதனை செய்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள். அந்தச் சோதனையைச் செய்கிறவராகவோ, செய்யச் சொல்கிறவராகவோ ஆகப்போவது இந்தப் பிள்ளைகள்தான்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எலக்டிவ் என்று காகிதத்தில் இருந்தாலும் பல கல்லூரிகளில் தேர்வு மாணவருடையதாக இல்லை. ஆசிரியர் இருக்கிற இரண்டு பாடங்களை நிர்வாகமே முடிவு செய்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுகிறது. நான் வேலை பார்த்த ஓரிடத்திலும் அப்படித்தான் நடந்தது. மூலிகைப் பாடம் கேட்டு எட்டுப் பேர் கையெழுத்திட்டுத் தந்த கடிதம் மேசைக்கு மேசை நகர்ந்து, அந்த செமஸ்டரே முடிந்துபோனது. பக்கத்துக் கல்லூரியோடு சேர்ந்து நடத்தலாம், வாரம் ஒரு நாள் வெளியிலிருந்து ஆளை அழைக்கலாம். விருப்பம் என்று பெயர் வைத்தபின் விருப்பத்தைக் கேட்காமல் இருப்பது, காகிதம் ஒட்டாமல் மிக்சர் பாட்டிலைத் தருவது போன்றது.

பார்மகோவிஜிலன்ஸைக் கடைசியாகத்தான் சொல்வேன். தாலிடோமைடு மாத்திரையால் கையும் காலும் குறைந்து பிறந்த குழந்தைகளை உலகம் 1961-இல் கண்டு அதிர்ந்தது. சந்தைக்கு வந்துவிட்ட மருந்தையும் கண்காணிக்க வேண்டும் என்ற எண்ணம் அதிலிருந்து வலுப்பெற்றது. 1968-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. இந்தியாவின் இன்றைய தேசியத் திட்டம் 2010-இல் வந்தது.

அப்பா இறந்த பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பழுப்பேறிய ஒரு கணக்கு நோட்டு இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் பென்சிலில் மிக்சர் அளவுகள். பின்பக்கமிருந்து திருப்பினால் வேறொரு பட்டியல். மேலே கோடு போட்டு "ஒத்துக்கொள்ளாதவை" என்று தலைப்பு. ஆளின் பெயர், தெரு, மருந்து, என்ன ஆயிற்று. சல்ஃபா: உடம்பெல்லாம் தடிப்பு. பென்சிலின் ஊசி: மூச்சுத் திணறல், மறுபடி போடக் கூடாது. இப்படி அறுபதுக்கு மேல் பதிவுகள். எழுதச் சொல்லி அவருக்கு யாரும் உத்தரவிடவில்லை. எழுதியதை அனுப்ப ஓர் அலுவலகமும் இல்லை. அடுத்த தடவை அந்த ஆள் ஜன்னலுக்கு வரும்போது தனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நோட்டை மேசையில் வைத்துத்தான் பிள்ளைகளிடம் பேசுவேன். எதை எடு என்று சொன்னதில்லை. ஒருமுறை ஒரு மாணவி பின்பக்கத்தை மெதுவாகத் திருப்பி, ஒவ்வொரு பெயராக விரல் வைத்து வாசித்துக்கொண்டே போனாள். பிறகு நிமிர்ந்து, "மேம், இவங்க எல்லாரும் தாத்தாவுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டாள். "ஜன்னலுக்கு வந்தவங்கம்மா" என்றேன். விண்ணப்பப் படிவத்தை அங்கேயே உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.