நாட்டின் பெயர் யாருக்குரியது?

சீனர் தம் நாட்டைச் சீனம் என அழைப்பதில்லை. தேநீரிலே கலக்கும் பண்டத்தைச் ‘சீனி’ என வழங்கி அந்நாட்டை நாள்தோறும் அறியாமலே நினைவுகூரும் நாம் இதனைத் தெரிந்துகொள்ளுதல் நன்று. சீனம் என்பது அயலார் இட்ட பெயர். கி.மு. 221 இல் நாட்டை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த ‘சின்’ அரசின் பெயரே வடமொழியிற் ‘சீன’ என்றாகிப் பரவிற்று என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. அப்பேரரசு பதினைந்தே ஆண்டுகள் நிலைத்தது. கி.மு. 209 இல் சென் ஷெங், வூ குவாங் என்னும் எளியோர் இருவர் தொடக்கிய உழவர் கிளர்ச்சியே அதன் அழிவுக்கு வழிகோலிற்று. அவர்கள் அசைத்து வீழ்த்திய அரசின் பெயரை உலகம் இன்றும் சுமந்து திரிகின்றது!

சீனர் வழங்கும் பெயர் ‘ஜுங்குவோ’. ‘நடு நாடு’ என்பது பொருள். உலகின் நடுவே தாமே என்னும் செருக்கிற் பிறந்த பெயர் எனப் பலர் எளிதாகக் கூறிவிடுவர். தொடக்கத்தில் அப்பெயர் அத்தனை பெரிதன்று. 1963 இல் ஷான்சி மாகாணத்திற் கிடைத்த, ஏறத்தாழ 3000 ஆண்டுப் பழமையுள்ள வெண்கல மதுக்கலம் ஒன்றின் பொறிப்பிலே இச்சொல் காணப்படுகின்றது. அங்கே அது சுட்டுவது, சௌ அரசர் புதிய தலைநகர் அமைத்த லுவோயாங் பகுதியை மாத்திரமே. பின்னர் மஞ்சள் நதிச் சமவெளியின் அரசுகள் பலவும் தம்மை நடு நாடுகள் என்றும், புறத்தே வாழ்ந்தோரை நாகரிகமற்றோர் என்றும் வகுத்தன. செருக்கு அப்போது வந்ததே.

ஆயினும் பேரரசுக் காலம் முழுவதும் நாட்டின் அதிகாரபூர்வமான பெயர் ஆளும் குலத்தின் பெயரே: ஹான், தாங், மிங், சிங். நாடு மன்னர் குடும்பத்தின் உடைமையாய் இருந்தது. உடைமையாளன் மாறப் பெயரும் மாறிற்று. 1689 இல் ருஷ்யாவுடன் செய்த நெர்ச்சின்ஸ்க் உடன்படிக்கையில், சிங் குலத்து மஞ்சு மன்னர் ‘நடு நாடு’ எனப் பொருள்படும் பெயரைத் தம் அரசுக்கு வழங்கியது உண்மை. உள்நாட்டிற் குலப்பெயரே கோலோச்சிற்று. தம் நாட்டுக்கெனப் பெயரொன்று இல்லாமையினும் வெட்கத்திற்குரியது வேறில்லை என 1901 இல் வருந்தி எழுதினார் லியாங் சீசாவோ.

1907 இல் ஜாங் தாய்யான் ‘ஜுங்ஹுவா மின்குவோ’ என்னும் பெயரை விளக்கிக் கட்டுரை வரைந்தார். ‘மின்’ என்றால் மக்கள். ஆனால் அவர் கருதிய ‘ஹுவா’ ஹான் இனத்தவரே. திபெத்தியர், மங்கோலியர் முதலானோர் சேர்வதும் பிரிவதும் அவரவர் விருப்பம் என்றார். 1912 இல் உதித்த குடியரசு அப்பெயரை ஏற்றது. ஐந்து இனங்களின் ஒன்றியம் என்றும் அறிவித்தது. மஞ்சுப் பேரரசின் எல்லைகளைக் கைவிட அதற்கு மனமில்லை. பெயருக்குள் எவரை அடக்குவது, எவருடைய இசைவோடு என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது. சிறுபான்மையோரின் உரிமை பேசும் நாம் இதனைக் கண்டுங் காணாதுபோதல் தகாது.

அயலார் இட்ட பெயரின் கதையும் அத்துடன் முடியவில்லை. ‘சீன’ என்னும் வடசொல் பௌத்த நூல்களின் மொழிபெயர்ப்பு வழியே சீனத்துக்கே சென்று, யப்பானை அடைந்து ‘ஷினா’ ஆயிற்று. தொடக்கத்தில் அதில் இழிவில்லை. மஞ்சு ஆட்சியை வெறுத்த சீனப் புரட்சியாளரே 1905 இல் தம் இதழொன்றின் பெயரில் அச்சொல்லைச் சேர்த்திருந்தனர். யப்பானிய ஏகாதிபத்தியம் வளர வளர அதில் ஏளனம் ஏறிற்று. 1930 இல் சீன அரசு அச்சொல் பொறித்த பத்திரங்களை ஏற்க மறுத்தது. போரிலே தோற்றபின், 1946 இல், அதனைத் தவிர்க்குமாறு யப்பானிய வெளிநாட்டமைச்சுப் பணித்தது.

1949 செப்ரெம்பரில் ‘சீன மக்கள் குடியரசு’ எனப் புதிய பெயரைத் தீர்மானித்தபோது, பழைய குடியரசின் பெயரை அடைப்புக்குள் சுருக்கப் பெயராக வைத்திருப்பதா என்ற விவாதம் எழுந்தது. சௌ என்லாய் முதியோர் பலரை அழைத்துக் கருத்துக் கேட்டார். பழைய பெயர் சியாங் கை ஷேக்கின் ஆட்சியிற் கறைபட்டது, வேண்டாம் என்றோர் பக்கமே வென்றது. தாய்வானில் அப்பெயர் இன்றும் வழங்குகின்றது.

‘குவோ’ என்னும் எழுத்துக்கும் வரலாறு உண்டு. அதன் மரபு வடிவில் சுற்றிவர எல்லை. உள்ளே ஒரு படைக்கலம். 1851 இல் கிளர்ந்தெழுந்த தைப்பிங் உழவர்கள், மன்னனை எதிர்த்தவர்களாயினும், உள்ளிருந்ததை நீக்கி ‘அரசன்’ என்னும் எழுத்தையே அங்கு இட்டனர். 1956 இன் எழுத்துச் சீர்திருத்தம் அவ்விடத்திற் பச்சை மணிக்கல்லைக் குறிக்கும் எழுத்தை வைத்தது. சுற்றியுள்ள எல்லைக்கோடு அப்படியே இருக்கின்றது.