'ஆம்' என்பது ஒப்புதலாகுமா? ஆஸ்திரேலியப் பூர்வகுடி நோயாளரும் மருத்துவமனையின் மொழியும்

"புரிந்ததா?" என்கிறார் மருத்துவர். "ஆம்" என்கிறார் நோயாளர். படிவத்தில் கையொப்பம் பெறப்படுகிறது. ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களிடம் இந்த 'ஆம்' பல வேளைகளில் ஒப்புதல் அன்று. அதிகாரத்தின் முன் மரியாதைக்காகவோ, பேச்சை விரைவில் முடித்துக்கொள்ளவோ சொல்லப்படுவது. மொழியியலாளர் டயானா ஈட்ஸ் இதனை விரிவாக ஆய்ந்துள்ளார்.

நீதிமன்றம் இதை 1976-லேயே பதிவு செய்தது. நார்தர்ன் டெரிட்டரி உச்ச நீதிமன்றத்தின் அனுங்கா வழக்கில் நீதிபதி ஃபார்ஸ்டர், காவல்துறை விசாரணைக்கு நெறிமுறைகள் வகுத்தார். கேட்பவர் விரும்பும் விடையையே பூர்வகுடியினர் தரக்கூடும் என்பதால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். எச்சரிக்கையின் பொருளை அவரே தம் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றார். குற்றஞ்சாட்டப்பட்டவருக்குக் கிடைத்த இப்பாதுகாப்பு நோயாளருக்கு எளிதில் கிடைக்கவில்லை. டார்வினில் டயாலிசிஸ் பெற்ற யோல்ங்கு மக்களிடையே நடந்து 2002-இல் வெளியான ஆய்வு, சிகிச்சையின் அடிப்படைகள் குறித்துப் பொதுப் புரிதல் அரிதாகவே ஏற்பட்டதைக் காட்டியது. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் எவரும் அங்குப் பயன்படுத்தப்படவில்லை. புரிதல் பிசகியதே பல நேரங்களில் உணரப்படவில்லை என்பதுதான் நம்மை அச்சுறுத்துகிறது.

மௌனத்தையும் இவ்வாறே காண வேண்டும். அது சிந்திக்கும் நேரமாக இருக்கலாம். அறையில் எதிர்பாலினத்தவர் இருப்பதால் பேச இயலாத நிலையாகவும் இருக்கலாம். வரலாறும் அதில் உண்டு. 1908 முதல் 1919 வரை மேற்கு ஆஸ்திரேலியாவில் பால்வினை நோய் உள்ளதாகச் சந்தேகிக்கப்பட்ட பூர்வகுடியினர் சங்கிலியிட்டுக் கொண்டுசெல்லப்பட்டு, பெர்னியர், டோர் தீவு மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டனர். பிற்காலத்தில் பேறுகால அறைகளிலிருந்தே குழந்தைகள் பறிக்கப்பட்டனர். இந்நினைவைச் சுமப்பவர் சிகிச்சை முடியுமுன் வெளியேறினால், 'மருத்துவ ஆலோசனையை மீறிச் சென்றார்' எனக் கோப்பு எழுதுகிறது. எழுவாய் எப்போதும் நோயாளரே.

'கண்ணை நேராகப் பார்க்காதீர், இறந்தவர் பெயரைச் சொல்லாதீர்' என்னும் பட்டியல்கள் பயிற்சி வகுப்புகளில் தரப்படுகின்றன. காலனியத்திற்கு முன் 250-க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கிய நிலத்தில் ஒரே பட்டியல் புதிய முத்திரைகுத்தலாகவே முடியும். நியூசிலாந்தின் மாவோரி செவிலியர் இரிஹபெட்டி ராம்ஸ்டன் வளர்த்தெடுத்த 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்னும் கருத்தாக்கம் கேள்வியையே திருப்பிப்போட்டது: சிகிச்சை பாதுகாப்பானதா என முடிவு செய்பவர் அதைப் பெறுபவரே. ஆஸ்திரேலியாவின் மருத்துவப் பணியாளர் ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் பண்பாட்டுப் பாதுகாப்பைச் சேர்த்தது. நம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் மருத்துவமனைக்குள் நுழைவதைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. உள்ளே நுழைந்தபின் எப்படி நடத்தப்படுகிறோம் என்பதை அப்பிரிவு தொடவில்லை.

சட்டத்திற்காகக் காத்திராமல் பூர்வகுடியினர் 1971-இல் சிட்னியின் ரெட்ஃபெர்னில் தம் மருத்துவ மையத்தைத் தாமே தொடங்கினர். அவ்வகையில் சமூகமே நிர்வகிக்கும் அமைப்புகள் இன்று 140-க்கும் மேல் இயங்குகின்றன. அங்கு வரவேற்பு மேசையில் இருப்பவர் பெரும்பாலும் நோயாளரின் உறவினரையோ ஊரையோ அறிந்தவர்.