பீரங்கிச் சத்தமும் ஒலியின் வேகமும்: நுங்கம்பாக்கம் அளவீடுகள்

சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இன்று வானிலை மையம் இயங்கும் வளாகத்தில்தான் 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் எழுந்தது. அன்றைய கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. அதில் வெட்டிய எழுத்துகளில் தமிழும் உண்டு. ராஜாஜி மண்டபத்தை வடிவமைத்த ஜான் கோல்டிங்காம்தான் இந்த வானாய்வகத்தின் பொறுப்பாளர். காற்றில் ஒலி செல்லும் வேகத்தை 1820, 1821 ஆண்டுகளில் அவர் இங்கிருந்து அளந்தார். புதிதாக எதையும் வெடிக்க வேண்டியிருக்கவில்லை. புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலை, மாலை பீரங்கி சுடுவது படையினரின் அன்றைய வழக்கம். வெடியின் வெளிச்சம் கண்ணில் பட்டது முதல் சத்தம் காதில் விழும்வரை நொடிகளை எண்ணினால் போதும். கோட்டை சுமார் 4.2 கி.மீ., பரங்கிமலை சுமார் 9 கி.மீ. தொலைவு. பரங்கிமலைச் சத்தம் வந்து சேர ஏறக்குறைய 26 நொடி ஆகும். ஒளிக்கு ஆகும் நேரமோ நொடியில் லட்சத்தில் மூன்று பங்குதான்.

இதற்கு வெகுமுன்பே ஒலியின் வேகத்தை நியூட்டன் கணக்கிட்டபோது விடை ஏழில் ஒரு பங்கு குறைந்துபோனது. அலையில் நெருக்கப்படும் காற்று சூடேறுகிறது, அந்தச் சூடு வெளியேற நேரமில்லை என்று 1816-இல் லாப்லாஸ் திருத்தம் சொன்னார். 1822 ஜூனில் பாரிஸ் அருகே அரகோ முதலிய அறிவியலாளர்கள் இரண்டு இடங்களில் மாறிமாறிப் பீரங்கி சுட்டு அளந்தார்கள். பாடநூல்கள் அதைத்தான் பெரிதாகச் சொல்கின்றன. நுட்பத்தில் பாரிஸ் உயர்ந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அது ஒரு மாதத்துக் காற்றின் கதை. 1823-இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வெளிவந்த கோல்டிங்காமின் அட்டவணை மாதம் மாதமாக நீள்கிறது; ஒலிக்கு நிலையான ஒரே வேகம் இல்லை என்பதை அதில் பார்க்கலாம். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் கூடும். மார்கழி விடியலின் 21 டிகிரிக்கும் கோடையின் 35 டிகிரிக்கும் இடையே பரங்கிமலைச் சத்தம் அரை நொடிக்கும் மேல் முந்திவிடும். சென்னைக்கு வெயில், கடும் வெயில், கத்திரி வெயில் என்ற மூன்றே பருவம் என்று கேலி பேசுவோர் இந்த அரை நொடியைக் கவனிக்கலாம்.

கண்ணும் கையும் செய்யும் தாமதம் இந்த அரை நொடியை விழுங்கிவிடாதா என்று கேட்கலாம். வெளிச்சத்தைக் கண்டு குறிப்பதிலும் சத்தத்தைக் கேட்டுக் குறிப்பதிலும் தாமதம் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கையில் அதில் பெரும்பகுதி அடிபட்டுப் போகும். மிச்சம் பல நாள் சராசரியில் கரையும். காற்றின் திசையைப் பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. இங்கே பாரிஸில்போல இரு முனைகளிலிருந்தும் மாற்றிச் சுடவில்லை. ஆனால் ஊரின் அமைப்பே கைகொடுக்கிறது: நுங்கம்பாக்கத்துக்குப் பரங்கிமலை தென்மேற்கில், கோட்டை கிழக்கு–வடகிழக்கில். ஜூன் மாதத் தென்மேற்குக் காற்று மலைச் சத்தத்தை உந்தினால் கோட்டைச் சத்தத்தைப் பின்னிழுக்கும், ஐப்பசியில் நேர்மாறு. இரண்டையும் ஒப்பிட்டால் காற்றின் பங்கைப் பெருமளவு பிரித்துவிடலாம். ஈரப்பதத்தை அப்படி எளிதில் பிரிக்க முடியாது. நீராவி காற்றைவிட லேசானது, அதனால் புழுக்கத்தில் ஒலி சற்றே விரையும். கடலோர ஊரில் வெப்பமும் புழுக்கமும் சேர்ந்தே ஏறுவதால், எது எவ்வளவு என்பதை இந்த அட்டவணையை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.