ஒரு கூரை, இரண்டு சட்டம்

1881ஆம் ஆண்டு கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அழித்தன. அடுத்த ஆண்டு ரெசிடெண்டாக வந்த ஸ்வெட்டன்ஹாம், அத்தாப்புக் கூரை போதும், இனி செங்கல்லும் ஓடும்தான் என்றார். செங்கல் சுட்ட இடத்துக்கு பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் நிலைத்தது. ஓட்டைச் சுமந்து கூரை ஏறியவர்களின் பெயர்கள் நிலைக்கவில்லை. அவர்கள் விழுந்தால் என்ன விலை என்பது மட்டும் பின்னால் வந்த சட்டங்களில் இருக்கிறது.

கிள்ளான் வட்டாரத் தொழிற்சாலைகளில் இன்று தகரக் கூரையும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடும்தான் அதிகம். நடுநடுவே வெளிச்சத்துக்காகப் பிளாஸ்டிக் தகடுகள். பல வருட வெயிலில் அவை அப்பளமாகிவிடும். மேலே தூசு படிந்துவிட்டால் எது தகரம், எது பிளாஸ்டிக் என்று தெரியாது. "ஆணி வரிசைய பாத்துக் கால வைடா தம்பி" என்பார்கள் புதிதாக ஏறுபவனிடம். ஆணிக்கு அடியில் இரும்புச் சட்டம் இருக்கும், தாங்கும்.

10 அடிக்கு மேல் விழக்கூடிய இடத்தில் பாதுகாப்பு வேண்டும் என்று 1970ஆம் ஆண்டு விதிகளே சொல்லியிருந்தன. பெல்ட் மட்டும் போதாது, அதன் கொக்கியை மாட்டக் கூரையில் கயிறு வேண்டும். அரைநாள் ஒழுகல் வேலைக்கு யார் கயிறு கட்டித் தருகிறார்கள்?

1969ஆம் ஆண்டின் சொக்சோ சட்டப்படி, வேலையில் இறந்தவரின் குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் வரும். 1993 ஏப்ரலில் வெளிநாட்டுத் தொழிலாளர்களை அதிலிருந்து எடுத்து, 1952ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்துக்குள் தள்ளினார்கள். அங்கே மாதப்பணம் இல்லை. உயிருக்கு 60 மாதச் சம்பளம் அல்லது 18,000 வெள்ளி, எது குறைவோ அது. அந்த 'எது குறைவோ'வை நான் இரண்டு முறை வாசித்தேன்.

மேருவில் ஒரு கூரை மேல் கிள்ளான்காரர் ஒருவரும் புதுக்கோட்டைக்காரர் ஒருவரும் நிற்கிறார்கள் என்று வையுங்கள். பேசுவது ஒரே தமிழ். முன்னவரின் தாத்தாவும் கப்பலில் வந்து இறங்கியவர்தான். ஒரே தகடு உடைந்து இருவரும் விழுந்து இறந்தால், ஒருவர் மனைவிக்கு மாதப்பணம், இன்னொருவர் மனைவிக்கு ஒரே ஒரு தொகை. கிட்டத்தட்ட 26 வருடம் இப்படித்தான் இருந்தது. நம் மேடைகளில் தோட்டப்பாட்டாளி வரலாறு பேசிய அளவுக்கு இதை யாரும் பேசி நான் கேட்டதில்லை.

2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டவரும் சொக்சோவுக்குள் வந்தார்கள். செல்லுபடியாகும் பெர்மிட் உள்ளவர்கள் மட்டும்.